பதினேழாவது உணரி

ராஸ் அல் கைமாவில், கழியைக் கடக்கும் பாலத்தின்
வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி இழை ஓடுகிறது.
ஒட்டியவர்களில் நானும் ஒருவன்.
மயிரிழை என்றால் நமக்குத் தப்பித்த தூரம்,
மயிரிழையில் பிழைத்தான் என்போம்.
இங்கே அது
தாங்குகிறவனின் வாக்குமூலம்.

இழையை வெட்டும்போது தெறிக்கும் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது.
ஒட்டுநாடாவால் ஒற்றி ஒற்றி எடுப்போம்.
அதற்கும் தப்பிய ஒன்று
ராத்திரி ரசஞ்சோறு பிசையும்போது
விரல்நுனியில் தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

நாற்பது இடங்களில் இழைக்குள் நுண்வரிகள்.
ஒளியை அனுப்பினால்
ஒவ்வொன்றும் தன் நிறத்தை மட்டும் பிடித்துத் திருப்பிவிடும்.
பாலம் இம்மி நீண்டாலும் அந்த நிறம் நகரும்.
நிறம் என்பது பேச்சுக்குத்தான்,
மனுசக் கண்ணுக்கு எட்டாத ஒளி அது.

ஒரே சிக்கல்.
வெயில் ஏறினாலும் நகரும், சுமை ஏறினாலும் நகரும்.
எது எதுவென்று இழைக்குத் தெரியாது.
ஆகவே பக்கத்திலேயே ஒரு குழாய்க்குள்
இன்னோர் இழையை ஒட்டாமல் தொளதொளவென்று விட்டிருக்கிறோம்.
அது எதையும் சுமக்காது.
வெக்கையை மட்டும் சொல்லும்.
இதிலிருந்து அதைக் கழித்தால் வருவது எடை.

குழாய்க்குள் கிடப்பதற்குத் தொம்மை வைத்த பெயர் சூப்பர்வைசர்.
என் பதவியும் அதுதான்.

ஆகஸ்ட் பகல் இரண்டு மணிக்குப் பாலம் சோம்பல் முறிக்கும்.
ஏசி கேபினில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
அதன் காய்ச்சலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
மலையை உடைத்துத் துறைமுகத்துக்குப் போகும் கல்லாரிகள்
திரையில் ஈட்டி ஈட்டியாய் நிற்கும்.
கார்கள், எவ்வளவு விலையானாலும், பதியவே பதியாது.

விடிகாலை நாலு நாற்பதுக்கு வருவது வேறு.
மெத்தென்ற மேடுகள், ஒன்றின் பின் ஒன்று,
முப்பத்து நாலு.
கேம்ப் பேருந்துகள்.
ஜன்னல் கம்பியில் முட்டி முட்டித் தூங்கும் தலைகளையும் சேர்த்தே
பதினேழாவது உணரி எழுதும்.
சாயங்காலம் திரும்பும்போது மேடு ஒரு பொட்டுத் தாழ்ந்திருக்கும்.
"வேர்வையா போன எடையா இது?" என்றான் தொம்மை.
தண்ணிக் கேன் காலியான எடை என்றேன்.
கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கோடு தட்டையாக வந்தது.
நாலு ஐம்பது. ஐந்து. ஐந்தே கால்.
மென்பொருள் மஞ்சளாகிக் கேட்டது: உணரி பழுதா?
விடுப்பில் கெய்ரோ போயிருந்த இன்ஜினியர் தர்வத்
போனில் சொன்னார், பதினேழை மாற்று.

இறங்கினோம்.
கழியில் பூநாரைகள், அலையாத்திக்குக் கீழே சேற்றின் வாடை.
ஒளியை அனுப்பினேன்.
போன சுத்தத்திலேயே திரும்பி வந்தது.

"நாலு மாசமாச் சம்பளம் வரலியாம்"
தொம்மை முனையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.
"கேம்ப்ல ஒருத்தனும் பஸ் ஏறல."

தலைக்குமேல் இரண்டாயிரம் டன் கான்கிரீட்
கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.
நான் எழுதியது:
சுமை குறைவு. கட்டமைப்பு நலம்.

புதன். வியாழன். வெள்ளி எப்படியும் விடுமுறை.
சனிக்கிழமை வந்தன.
எண்ணினேன்.
பின்னோக்கி ஓட்டி மறுபடி எண்ணினேன்.
முப்பத்தொன்று.

மென்பொருள் பச்சைக்குத் திரும்பிவிட்டது.
தர்வத் நல்ல மனுசர், மகள் நிச்சயதார்த்தத்துக்கு நடுவிலும் கூப்பிட்டார்:
இதையே புது அடிக்கோடாக வைத்துவிடு.

ஒரு பொத்தான்தான்.
தட்டினால், இந்தப் பாலம் பிறந்ததிலிருந்து
முப்பத்தொன்றைத்தான் சுமந்தது என்றாகிவிடும்.
காணாமல்போன மூன்று மேடுகள்
எந்த விமானத்தில் ஏற்றப்பட்டன என்று
எந்த இழையும் சொல்லப்போவதில்லை.

நெட் ஸ்லோ என்றேன்.
நாளைக்கு என்றேன்.

விரலில் அந்தத் துணுக்கு இன்னும் இருக்கிறது.
எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.
எதையாவது அழுத்தினால்தான்
வலிக்கும்.